தகவல் துளி: ஃபெர்மாவை மறுத்த 641

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. கணித வரலாற்றில் அழியாப் புகழ் பெற்ற எண் இது.

2-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்துக்கொண்டே போனால் 4, 16, 256, 65,536 என்று வரும். ஒவ்வொன்றோடும் 1-ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65,537. ஐந்துமே பகா எண்கள்; அதாவது, ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாதவை. இந்த வரிசையில் வரும் எல்லாமே பகா எண்கள்தான் என்று 17-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மேதை ஃபெர்மா நம்பினார். ஆறாவதாக வருவதுதான் நாம் முதலில் சொன்ன எண்.

1732-இல் ஆய்லர் என்ற கணித அறிஞர் அதன் வகுஎண்ணைக் கண்டுபிடித்தார். அது 641. அதை 67 லட்சத்து 417-ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே எண் வரும். ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்க்கவேண்டிய தேவையும் இல்லை. அந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும், 64-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டிக் கிடைப்பதாகவே இருக்கவேண்டும். 193, 257, 449, 577 ஆகியவற்றை அடுத்து, ஐந்தாவதாக வருவதே 641. கணினி இல்லாத காலத்தில் கணக்கின் வழியைச் சுருக்கியது இந்தத் தெளிவான சிந்தனைதான்.

முதல் ஐந்துக்குப் பிறகு இந்த வரிசையில் இன்றுவரை வேறொரு பகா எண் கிடைக்கவில்லை. இனி கிடைக்கவே கிடைக்காது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. ஐந்து எடுத்துக்காட்டுகள் பொருந்திவிட்டால் அது நிரூபணம் ஆகிவிடாது என்பதே இந்த எண் கற்றுத்தரும் பாடம்.