திருநெல்வேலிக்கு மேலே ஒரு லட்சம் ஆம்பியர்

ஏசி பழுது பார்க்க வருகிறவரின் பையில் நண்டுக் கொடுக்கு மாதிரி வாய் திறக்கும் ஒரு கருவி இருக்கும். டாங் டெஸ்டர் என்பார்கள். ஒயரை வெட்ட வேண்டாம், உறையை உரிக்க வேண்டாம். கொடுக்குக்குள் ஒயரை விட்டு மூடியதும் ‘ஏழு ஆம்பியர் இழுக்குது சார்’ என்று சொல்லிவிடுவார். அந்தக் கருவி அளப்பது ஒயரைச் சுற்றியிருக்கும் காந்தப்புலத்தை. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வவிட்டால் பூஜ்யம்தான் காட்டும். போகிற மின்னோட்டத்தின் புலமும் திரும்புகிற மின்னோட்டத்தின் புலமும் ஒன்றையொன்று அடித்துவிடும்.

மின்னோட்டத்தைத் தொடாமலே கண்டுபிடிக்க வழி திறந்தவர் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட். 1820-ல் மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டி முள் திரும்புவதை அவர் பார்த்தார். அதே ஆண்டு பிரான்சில் பியோவும் சவாரும் அதற்குக் கணக்கு எழுதினார்கள். நீளமான கம்பியில் 1 ஆம்பியர் ஓடினால் 1 செ.மீ. தூரத்தில் 20,000 நானோ டெஸ்லா புலம் இருக்கும். நம்மூரில் பூமியின் காந்தப்புலமே ஏறத்தாழ 40,000 நானோ டெஸ்லாதான். தூரம் இரட்டித்தால் புலம் பாதியாகும்.

இதே கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு தலைக்கு மேலே பார்க்கலாம். திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. அங்கே காந்தமானி எழுதும் கோடு, காலையில் வெயில் ஏற ஏறத் தானும் ஏறும், பதினோரு மணி வாக்கில் உச்சிக்குப் போகும், சாயங்காலம் இறங்கிவிடும். பல நாட்களில் இந்த ஏற்றம் 100 நானோ டெஸ்லா அளவுக்கு வரும். மொத்தப் புலத்தில் நானூறில் ஒரு பங்கு. திசைகாட்டி முள்ளுக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் கூடுகிற புலமும் வடக்கு நோக்கியே இருக்கிறது. பள்ளியில் படித்த வலது கைக் கட்டைவிரல் விதியைப் போட்டுப் பாருங்கள். தலைக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காக மின்னோட்டம் ஓடினால்தான் தரையில் புலம் வடக்கு நோக்கிக் கூடும்.

அப்படி ஒன்று ஓடத்தான் செய்கிறது, சுமார் 105 கி.மீ. உயரத்தில். 1951-ல் சிட்னி சாப்மன் அதற்கு ‘எலக்ட்ரோஜெட்’ என்று பெயர் வைத்தார். பெரு நாட்டின் ஹுவான்காயோவில் 1922-ல் தொடங்கிய ஆய்வகம், பகல்நேர ஏற்றம் மற்ற இடங்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்துகொண்டிருந்தது. ஹுவான்காயோவும் திருநெல்வேலியும் காந்த நடுக்கோட்டை ஒட்டியவை. அங்கே பூமியின் காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்துக் கிடக்கின்றன.

படுத்துக் கிடப்பதில்தான் சூட்சுமம். சூரிய ஒளி அந்த உயரத்துக் காற்றிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துப் போட்டு, காற்றை மின்கடத்தியாக்குகிறது. பகலில் கிழக்கு நோக்கி ஒரு மெலிந்த மின்புலம் இருக்கும். வடக்கு நோக்கிய காந்தப்புலத்தோடு அது சேரும்போது எலக்ட்ரான்கள் மேலே நகரப் பார்க்கின்றன. கனமான அயனிகளோ காற்று மூலக்கூறுகளோடு மோதி மோதி நின்றுவிடுகின்றன. அடுக்கின் மேற்பக்கம் எதிர்மின்னூட்டம் சேர்கிறது. கீழே நேர்மின்னூட்டம் மிஞ்சுகிறது. வேறிடமாக இருந்தால் சாய்ந்த காந்தக் கோடுகள் வழியே அது வழிந்து போயிருக்கும். இங்கே போக வழியில்லை. அதனால் மேல்நோக்கி ஒரு புதிய மின்புலம் பிறக்கிறது, முதலில் இருந்ததைவிடப் பல மடங்கு வலுவாக. இது எலக்ட்ரான்களை மேற்கே தள்ளும். அப்படியென்றால் மின்னோட்டம் கிழக்கே. தடை போட்டதால் ஓட்டம் கூடியது என்பது இயற்பியலில் அடிக்கடி காணக் கிடைக்காத விசித்திரம்.

எவ்வளவு ஓடுகிறது? மெல்லிய கம்பி என்று வைத்துக்கொண்டால், 105 கி.மீ.-க்குக் கீழே 100 நானோ டெஸ்லா வர ஐம்பதாயிரம் ஆம்பியருக்குச் சற்று மேலே வேண்டும். உண்மையில் அது சுமார் 600 கி.மீ. அகலத்துக்குப் பரவிய பட்டை. அதையும் கணக்கில் எடுத்தால் லட்சம் ஆம்பியரை நெருங்கும். பயப்பட வேண்டாம். அவ்வளவு பெரிய பரப்பில் பகிர்ந்தால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து, இருபது மைக்ரோ ஆம்பியர்கூடத் தேறுவது கடினம்.

இந்த மின்னோட்டத்துக்குள்ளேயே புகுந்து அளக்க ராக்கெட் வேண்டும். 1963 நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அந்த மீனவ கிராமத்தைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம் அது காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்ததுதான்.

தரையிலிருந்து அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. காந்தப் புயல் வந்தால் எல்லா ஊர்க் காந்தமானிக் கோடும் ஆடும். திருநெல்வேலியின் ஏற்றத்தில் எலக்ட்ரோஜெட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்தாக வேண்டும். இதற்கு உதவுவது மும்பைக்குத் தெற்கே இருக்கும் அலிபாக் ஆய்வகம். அது பிறந்த கதையும் மின்னோட்டத்தின் காந்தப்புலம் பற்றியதே. பம்பாயின் குதிரை டிராம்களை மின்சார டிராம்களாக மாற்ற முடிவு செய்தபோது, கொலாபா ஆய்வகத்தின் நுட்பமான கருவிகளை அந்த மின்சாரம் கெடுத்துவிடும் என்று தெரிந்துபோயிற்று. இயக்குநராக இருந்த மூஸ், 1904-ல் அளவீட்டை அலிபாகுக்கு நகர்த்தினார். 1906 வரை இரண்டு இடத்திலும் சேர்ந்தே அளந்து, பழைய தொடர் அறுந்துவிடாமல் பார்த்துக்கொண்டார். அந்த முன்யோசனைக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். அலிபாக் பட்டைக்கு வெளியே வெகு வடக்கே இருக்கிறது. இரண்டு ஊரின் இரவு அளவை அடிப்படையாக வைத்து, திருநெல்வேலியின் பகல் ஏற்றத்திலிருந்து அலிபாகின் ஏற்றத்தைக் கழித்தால், பொதுவானதெல்லாம் அடிபட்டுப்போய் எலக்ட்ரோஜெட் மட்டும் மிஞ்சும்.

சில பிற்பகல்களில் இந்தக் கழித்தலின் விடை பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. அப்போது மின்னோட்டம் மேற்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது என்று அர்த்தம். நிலா காற்றுமண்டலத்தில் எழுப்பும் ஓதத்துக்கு இதில் பங்கு உண்டு. வடதுருவத்துக்கு மேலே அடுக்குமண்டலம் திடீரென்று சூடேறும் குளிர்காலங்களில் இந்தத் தலைகீழ் ஓட்டம் அதிகமாகத் தென்படுவதால், திருநெல்வேலியின் காந்தமானியை இப்போது துருவ வானிலை பற்றி ஆராய்கிறவர்களும் பார்க்கிறார்கள்.