கிளட்ச் ஏன் வழுக்குகிறது?

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சென்ற ஆண்டு என் தம்பியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு, என்னுடைய 100 சி.சி. மோட்டார் சைக்கிளில் அவ்வழியே சென்றேன். முதல் இருபது வளைவுகள் வரை வண்டி முனகிக்கொண்டே ஏறியது. அதன்பின் ஒரு விந்தை நிகழ்ந்தது. ஆக்சிலரேட்டரை முறுக்கினால் எஞ்சின் அலறியது. வண்டியோ மேலும் மெதுவாகியது. கருகிய நாற்றம் மூக்கைத் துளைத்தது. அடுத்த வளைவில் வண்டி நின்றேவிட்டது. வேறு வழியின்றித் திருப்பி இறக்கினோம். கிளட்ச் பிடிக்காதபோது எஞ்சினின் தடையை நம்பி இறங்க முடியாது. பிரேக்கை மட்டுமே நம்ப வேண்டும். பின்னால் பேருந்து ஒன்று ஒலி எழுப்பிக்கொண்டு வந்தது. தம்பி கீழே வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அடிவாரப் பட்டறையில் இருந்த முதியவர் எதையும் கழற்றவில்லை. கிளட்ச் கைப்பிடியை ஒரு விரலால் அசைத்துப் பார்த்தார். "ஆட்டமே இல்லையே சார்! யாரு இப்படி டைட்டா வச்சது?" என்றார்.

"நான்தான் அண்ணே" என்றேன். நான் இயற்பியல் ஆசிரியர் என்பதை அப்போது சொல்லிக்கொள்ளவில்லை.

"பிளேட்டு கருகியிருக்கும். இப்ப கேபிளை லூஸ் பண்ணி விடறேன், மெதுவா ஊர் போய்ச் சேருங்க. அப்புறம் பிளேட் மாத்திடுங்க" என்றார்.

அவர் ஒரு விரலால் கண்டறிந்த உண்மையை நான் விளங்கிக்கொள்ள ஒரு மாலைப்பொழுதும் இரண்டு தாள் கணக்கும் தேவைப்பட்டன.

ஒரு பழைய ஐயம்

ஓடும் எஞ்சினையும் நிற்கும் சக்கரத்தையும் அதிர்ச்சியின்றி இணைப்பதும், வேண்டும்போது பிரிப்பதும் கிளட்சின் வேலை. பாடநூல்களில் இதனை உரசிணைப்பி என்பர். மோட்டார் சைக்கிளில் இது ஒரே தகடு அன்று. ஒரு குடுவைக்குள் அடுக்கிய பல தகடுகள். உராய்வுப் பூச்சுள்ள தகடு ஒன்று, வழவழப்பான எஃகுத் தகடு ஒன்று என மாறி மாறி இருக்கும். பூச்சுத் தகடுகளின் வெளிவிளிம்புப் பற்கள் குடுவையுடன் பிணைந்து எஞ்சினோடு சுழலும். எஃகுத் தகடுகளின் உட்பற்கள் நடு அச்சுடன் பிணைந்து கியர்ப் பெட்டியோடு சுழலும். சுருள்வில்கள் இந்த அடுக்கை இறுக்கிப் பிடித்திருக்கும். கைப்பிடியை இழுத்தால் வில்கள் அமுங்கி, அடுக்கு தளரும்.

வகுப்பில் மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இங்கே நினைவுக்கு வருகிறது. "உராய்வு விசை தொடும் பரப்பைப் பொறுத்ததன்று என்று அமோந்தோன் 1699லேயே கூறிவிட்டார், கூலும் பின்னர் அதை உறுதி செய்தார் என்று படித்தோமே! பரப்புக்குப் பயனில்லை என்றால், எதற்கு இத்தனை தகடுகள்?"

நல்ல கேள்வி. விடையை வீட்டிலேயே காணலாம். இரண்டு அஞ்சலட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மேலே ஒரு செங்கல்லை வையுங்கள். கீழ் அட்டையைப் பிடித்துக்கொண்டு மேல் அட்டையை இழுத்தால், சிறிது விசையிலேயே நகரும். இப்போது பத்து அட்டைகளை எடுத்து, ஒன்று விட்டு ஒன்றாக ஐந்தை வலக்கையிலும் ஐந்தை இடக்கையிலும் வருமாறு கோத்து, அதே செங்கல்லை வைத்து இழுங்கள். ஏறக்குறைய ஒன்பது மடங்கு விசை வேண்டும். செங்கல் ஒன்றுதான், ஆனால் அதன் எடை ஒவ்வோர் அட்டையின் வழியாகவும் கீழே கடந்து செல்கிறது. ஒன்பது இடைமுகங்களும் அதே எடையை முழுமையாக உணர்கின்றன. தகட்டை அகலப்படுத்தினால் அழுத்தம் பரவிக் குறைந்துவிடும். தகடுகளை அடுக்கினாலோ அழுத்தும் விசை பங்கிடப்படுவதில்லை. அமோந்தோன் விதிக்கு இதில் எந்த முரணும் இல்லை.

எனவே கிளட்ச் தாங்கக்கூடிய திருப்புவிசையை இவ்வாறு எழுதலாம்:

திருப்புவிசை = உராய்வுக் குணகம் × வில்களின் விசை × சராசரி ஆரம் × உராயும் முகங்களின் எண்ணிக்கை.

எண்களை இட்டுப் பார்ப்போம். 100 சி.சி. எஞ்சின் ஒன்று தரும் உச்சத் திருப்புவிசை 8 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் இடையிலுள்ள பற்சக்கரங்கள் வேகத்தை நான்கில் ஒன்றாகக் குறைப்பதாகக் கொண்டால், கிளட்சுக்கு வருவது 32 நியூட்டன் மீட்டர். நான்கு பூச்சுத் தகடுகள் இருந்தால் உராயும் முகங்கள் எட்டு. சராசரி ஆரம் 4.5 செ.மீ.; எண்ணெயில் நனைந்த பூச்சின் உராய்வுக் குணகம் 0.12 என்க. வகுத்துப் பார்த்தால் தேவையான விசை 741 நியூட்டன், அதாவது சுமார் 75 கிலோ எடை. ஒரே ஒரு முகம் மட்டும் இருந்திருந்தால் 600 கிலோ எடை வேண்டியிருக்கும்! அதை இழுக்க இடக்கை போதாது.

எஞ்சினின் அதிர்வு, வெப்பம், தேய்மானம் ஆகியவற்றுக்காக ஒன்றரை மடங்கு கூடுதலாக வைத்தால், நான்கு வில்களும் சேர்ந்து ஏறக்குறைய 1,110 நியூட்டன் தர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 28 கிலோ எடை. இந்தக் கூடுதல்தான் கிளட்சின் கையிருப்பு. சமதரையில் இதன் அருமை தெரிவதில்லை, எஞ்சினின் முழு விசையை அங்கே நாம் கேட்பதே இல்லை. மலையேற்றத்தில் இருவர் ஏறியதும் கையிருப்பு சோதனைக்கு வந்துவிடுகிறது.

தேய்மானமும் ஆட்டமும்

தகடு தேய்வதால்தான் கிளட்ச் வழுக்குகிறது என்று பலரும் எண்ணுகிறோம். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. 3 மி.மீ. தடிமனுள்ள நான்கு பூச்சுத் தகடுகள் ஒவ்வொன்றும் 0.4 மி.மீ. தேய்ந்தால் மொத்தம் 1.6 மி.மீ. வில்கள் அந்த அளவு நீண்டுவிடும். வில் ஒன்றின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் என்றால், ஒவ்வொன்றும் 40 நியூட்டனை இழக்கும். இது நூற்றுக்குப் பதினான்கு பங்கு. ஒன்றரை மடங்காக இருந்த கையிருப்பு 1.29 ஆகக் குறையும். ஆயினும் கிளட்ச் இன்னும் பிடிக்கும்.

அப்படியானால் என் வண்டி ஏன் நின்றது? அழுத்துத் தகடு, தேய்மானத்தால் கிளட்ச் இறுகும் திசையில் சிறிது சிறிதாக நகர்கிறது. அதைத் தள்ளிப் பிரிக்கும் நெம்பு எதிர்ப்புறத்தில் காத்திருக்கிறது. எனவே தேயத் தேய இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறைந்துகொண்டே வரும். கேபிள் நீளும்போது கைப்பிடியில் ஆட்டம் கூடும். தகடு தேயும்போது ஆட்டம் குறையும். நானோ, கைப்பிடி "கெட்டியாக" இருப்பதே நல்லதென்று எண்ணி, மிஞ்சியிருந்த ஆட்டத்தையும் முறுக்கி எடுத்துவிட்டேன். அதன் பிறகு சிறிது தேய்ந்ததும் வில்களின் விசையில் ஒரு பகுதியைத் தகடுகளுக்குப் பதில் கேபிள் தாங்கத் தொடங்கியது. நூற்றுக்கு முப்பது பங்கைக் கேபிள் தாங்கினாலே 1.29 என்பது 0.9 ஆகிவிடும். ஒன்றுக்குக் கீழே போனால் வழுக்கல்தான்.

வழுக்கல் தொடங்கினால் அதுவே தன்னை வளர்த்துக்கொள்ளும். 32 நியூட்டன் மீட்டர் விசையில், நிமிடத்துக்கு 480 சுற்று வேக வேறுபாட்டில் தகடுகள் உராய்ந்தால், வெளிப்படும் வெப்பம் 1,600 வாட். இரண்டு இஸ்திரிப் பெட்டிகளைக் குடுவைக்குள் வைத்ததற்குச் சமம். பூச்சு கருகிக் கண்ணாடிபோல் மினுங்கும், குணகம் குறையும், மேலும் வழுக்கும்.

எல்லா வழுக்கலும் தீமையன்று. நின்ற வண்டி கிளம்பும்போது கிளட்ச் சிறிது வழுக்கியே ஆக வேண்டும். எஞ்சின் வேகம் மாறாதிருந்தால், சமதரையில் வண்டி பெறும் இயக்க ஆற்றலுக்குச் சமமான அளவு வெப்பமாக வீணாகும்; மின்தேக்கியைத் தடையின் வழியே மின்னூட்டும்போது பாதி ஆற்றல் தடையில் போவதைப் போலவே. ஆட்களுடன் 240 கிலோ உள்ள வண்டியை மணிக்கு 10 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவர, தகடுகள் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 900 ஜூல் வெப்பத்தை ஏற்கின்றன. எண்ணெய் அதை எடுத்துச் சென்றுவிடும். சிக்னலில் கியரைப் போட்டபடி கிளட்சைப் பாதி பிடித்து நிற்பவர்கள் இதை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கலாம்.

வீட்டில் மாற்றும்போது

ஊருக்கு வந்த பின் தகடுகளை நானே மாற்றினேன். முதல் தடவை என்பதால் ஒரு ஞாயிறு முழுதும் பிடித்தது. பெரும்பாலான சிறு வண்டிகளில் கிளட்ச் வலப்புறம் இருப்பதால், வண்டியைச் சைடு ஸ்டாண்டில் இடப்புறம் சாய்த்தால் எண்ணெய் அந்தப் பக்கம் ஒதுங்கும். ஆனால் கருகிய தூள் கலந்த எண்ணெயை வைத்திருந்து பயனில்லை, வடித்துவிடுவதே நல்லது. வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாமல், பழைய எண்ணெய் வாங்கும் பட்டறையில் கொடுங்கள்.

மூடியின் திருகுகள் நீளத்தில் ஒன்றுபோல் இரா. ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் திருகைக் குத்தி வைத்தால் குழப்பம் வராது. பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது அலுமினிய முகத்தில் கீறல் விழக்கூடாது. சில வண்டிகளில் வில் போல்ட்டுகளைக் கழற்றியதும் தகடுகள் வந்துவிடும். வேறு சிலவற்றில் நடு நட்டைக் கழற்றினால்தான் அடுக்கு வெளிவரும்; அதற்குத் தனிச் சாவி உண்டு. அது இல்லாமல் உளியும் சுத்தியலும் கொண்டு தட்டுவதைவிட, அந்த ஒரு வேலையை மெக்கானிக்கிடம் விடுவது மேல். வில் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். ஒரு பக்கத்தை முழுதும் கழற்றினால் மறுபக்கம் சாய்ந்து, வில் தாங்கும் அலுமினியத் தூண் உடையும்.

வெளிவரும் தகடுகளை வந்த வரிசையிலேயே செய்தித்தாளில் பரப்புங்கள். ஓரத்திலுள்ள பூச்சுத் தகடு சில வண்டிகளில் மற்றவற்றிலிருந்து வேறுபட்டிருக்கும். தடிமனை வெர்னியர் அளவியால் பல இடங்களில் அளக்க வேண்டும். எஃகுத் தகட்டைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து, அடியில் இடைவெளி அளவியைச் செலுத்தினால் கோணல் தெரியும். 0.2 அல்லது 0.3 மி.மீ.க்குமேல் கோணல் இருந்தால் தகடு ஆகாது. சரியான எல்லை வண்டியின் கையேட்டில் இருக்கும். என் தகடுகளில் இரண்டு நீலம் பாரித்திருந்தன. எஃகு அந்த நிறத்தைப் பெற ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அன்றைய மலைப் பயணத்தின் வெப்பநிலைப் பதிவேடு அது!

குடுவையின் விளிம்புப் பள்ளங்களையும் பாருங்கள். தகட்டுப் பற்கள் இடித்து இடித்து அங்கே குழிகள் விழுந்திருந்தால், புதுத் தகடும் அவற்றில் சிக்கி, கிளட்ச் சரியாகப் பிரியாது. நியூட்ரல் விழாமல் தொல்லை தரும்.

மினுங்கும் பழைய தகடுகளை உப்புத்தாளில் தேய்த்து மீண்டும் போடுவோர் உண்டு. சில நாள் பிடிக்கும், அவ்வளவுதான். பழைய காலத் தகடுகளில் கல்நார் கலந்திருந்ததால், அவற்றை உலர்நிலையில் தேய்ப்பதும் தூளை ஊதுவதும் நுரையீரலுக்குக் கேடு.

புதுத் தகடுகளை முதல் நாள் இரவே எஞ்சின் எண்ணெயில் ஊறவைக்க வேண்டும். பூச்சு நுண்துளைகள் நிறைந்தது. உலர்ந்தபடியே போட்டால் முதல் உராய்விலேயே கருகும். திருப்பிப் பூட்டும்போது வில் போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கே போதும். 10 செ.மீ. நீள ஸ்பானரின் முனையில் 10 கிலோ எடை. வலிமையைக் காட்டும் இடம் இதுவன்று.

எண்ணெய் தேர்விலும் கவனம் வேண்டும். கார் எண்ணெய்கள் பலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்த உராய்வைக் குறைக்கும் சேர்மங்கள் உண்டு. காரில் கிளட்ச் எண்ணெயில் நனைவதில்லை; நம் வண்டியில் நனைகிறது. இதற்கெனவே ஜப்பானில் 1998இல் தனித் தரநிலை வகுத்தனர். எண்ணெய் டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' என்ற குறி இருந்தால் அது ஈரக் கிளட்சுக்கு ஏற்றது.

கடினமான வில் நல்லதா?

உதிரிபாகக் கடையில் ஓர் இளைஞர், "ஹார்டு ஸ்பிரிங் போட்டுடுங்க சார், இனிமே ஸ்லிப்பே ஆகாது" என்றார். மலையில் பட்ட அச்சத்தில் வாங்கிவிட்டேன். வழுக்கவில்லைதான். ஆனால் வில்லின் விசை எவ்வளவு கூடுகிறதோ, கைப்பிடியை இழுக்கும் விசையும் அவ்வளவு கூடும். நாள்தோறும் கல்லூரிக்குப் போய்வரும் வழியில் எத்தனை முறை கிளட்ச் பிடிக்கிறோம்! மூன்று வாரத்தில் மணிக்கட்டு வலித்தது. கேபிள் இழைகளும் பிரியத் தொடங்கின. வழக்கமான வில்களையே திரும்பப் பூட்டினேன்.

எஞ்சினின் திறனைக் கூட்டியவர்கள், பந்தயம் ஓட்டுபவர்கள் கடினமான வில்லையோ, அராமிட் இழை கலந்த பூச்சையோ, மெலிந்த தகடுகளால் ஒன்றைக் கூடுதலாக நுழைக்கும் அடுக்கையோ நாடுவதில் பொருளுண்டு. மேற்கண்ட சமன்பாட்டில் அவர்கள் மாற்றுவது முறையே விசையை, குணகத்தை, முகங்களின் எண்ணிக்கையை. மாறாத எஞ்சினுக்கு இவை வேண்டாதவை. மேலும், கிளட்ச் ஒரு வகையில் மின்சுற்றின் உருகு இழை போன்றது. பள்ளத்தில் சக்கரம் அறையும்போது ஒரு கணம் வழுக்கி, கியர்ப் பற்களையும் சங்கிலியையும் காக்கிறது.

அண்மைக் காலத்து வண்டிகள் சிலவற்றில், எஞ்சின் இழுக்கும்போது சாய்தள அமைப்பு தகடுகளைத் தானே மேலும் இறுக்குகிறது. அதனால் மெல்லிய வில்லே போதும், கையும் வலிப்பதில்லை. வேகமாகக் கியரைக் குறைக்கும்போது அதே அமைப்பு தகடுகளைத் தளர்த்திப் பின்சக்கரம் துள்ளுவதைத் தடுக்கிறது. விலைதான் சற்றுக் கூடுதல்.

மூடியைப் பூட்டியபின் கைப்பிடி முனையில் 10 முதல் 20 மி.மீ. ஆட்டம் வைத்தேன். புதுத் தகடுகள் ஒன்றோடொன்று படியும் முதல் சில நூறு கிலோமீட்டரில் அது மாறும் என்பதால், வாரம் ஒருமுறை விரலால் அசைத்துப் பார்த்துச் சரிசெய்தேன். நீலம் பாரித்த தகடுகளில் ஒன்று இப்போது எங்கள் ஆய்வகத்தில், அஞ்சலட்டைகளுக்கும் செங்கல்லுக்கும் பக்கத்தில் இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் மறுபடியும் கொல்லிமலை ஏறினோம். எழுபது வளைவுகளும் கடந்து செம்மேட்டில் தேநீர் குடிக்கும்போதுதான் தம்பி வாயைத் திறந்தான்.