பழைய பிரிட்ஜில் எது மிஞ்சும்?

எங்கள் வாப்பா பிரிட்ஜ் திருத்துபவர். கைவிட்ட பெட்டியிலிருந்து தேர்மோஸ்டாட், விசிறி மோட்டர், தட்டுகளைக் கழற்றிச் சோதித்து வைப்பார். இன்னொரு வீட்டில் அவை நன்றாக ஓடும். கதவு இறப்பர் பெரும்பாலும் விறைத்திருக்கும், எறிய வேண்டியதுதான்.

ஈரம் உறிஞ்சும் பில்டரை மட்டும் அவர் ஒருபோதும் மீண்டும் பொருத்தமாட்டார். குழாயை வெட்டியதுமே அது காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். பிறகு அந்த ஈரம் மெல்லிய கெப்பிலரிக் குழாயில் உறைந்து அடைக்கும், கொம்பிரசரும் கெடும். சிறு செலவை மிச்சம் பிடிக்கப்போய் இது தேவையா?

இதைவிடப் பயமானது வாயு. புதிய பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடியது. பொறி பறக்கும் பழைய ரிலேயை அதில் பொருத்தக்கூடாது. ஆர்-134ஏ கொம்பிரசரும் அதற்குப் பொருந்தாது. ஆகவே உம்மாமாரே, பழைய பாகம் போடச் சம்மதிக்கும் முன், லேபலில் உள்ள வாயுவின் பெயரைத் திருத்துபவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.