இறப்பர் வளையமும் ஓர் அமானிதமே



மார்க்க விளக்கம் எழுத வேண்டிய மௌலவி காரின் அடிப்பாகத்தைப் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று நீங்கள் வியக்கலாம். வாகனத்தில் ஏறி அமர்ந்ததும், இதை நமக்கு வசப்படுத்தித் தந்தவனைத் துதித்து ஸூரா ஸுக்ருஃபில் வரும் துஆவை ஓதுகிறோம். ஆனால் அந்த வாகனத்தின் கீழே என்ன தேய்ந்திருக்கிறது, எது கழன்றிருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் ஒரு நாளாவது குனிந்து பார்த்திருக்கிறோம்? நானும் பார்க்காதவனாகவே இருந்தேன். அதனால் எனக்கு நேர்ந்ததைச் சொன்னால் உங்களில் ஒருவருக்காவது பயன்படும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வீட்டில் முதலில் கேட்ட சத்தம்

என்னிடம் 1988ஆம் ஆண்டு நிசான் சனி கார் ஒன்று இருந்தது. வன்னியில் இப்படிப்பட்ட பழைய கார்கள் இன்றும் ஏராளம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் மீண்டும் வழி திறந்தபோது, நம்மைப் போன்றவர்கள் விலை கேட்கவும் அஞ்சும் நிலை. எனவே முப்பது, முப்பத்தைந்து வயதைத் தாண்டிய வாகனங்களே பல குடும்பங்களைச் சுமந்துகொண்டிருக்கின்றன.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-34 வீதி ஏறத்தாழ 50 கிலோமீற்றர். யுத்தத்துக்குப் பின்னர் அது நன்றாகச் செப்பனிடப்பட்டுவிட்டது. ஆனால் பிரதான வீதியை விட்டு உள்ளே திரும்பினால் கிறவல் பாதையும் பள்ளமும் மதகுமாகத்தான் இருக்கும். அப்படியொரு பாதையில் போகும்போது முன்பக்கத்திலிருந்து "கடக்" என்றொரு சத்தம் வந்தது. முதலில் அதைக் கேட்டவர் என் மனைவி. "பழைய கார்தானே, சத்தம் போடாமல் என்ன செய்யும்?" என்று நான் சிரித்து மழுப்பினேன். இப்படியே ஐந்தாறு மாதங்கள் ஓடின. இடப்பக்க முன் டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகத் தேய்ந்தது. அதையும் டயரின் குறையென்றே எண்ணிக்கொண்டேன்.

ஒரு நாள் மாலை, மத்ரஸா விட்டுப் பிள்ளைகள் நால்வரைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வன்னியில் அந்நேரம் மாடுகள் வீதியைக் கடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மாட்டைக் கண்டு பிரேக்கை அழுத்தியதும் கார் நேரே நிற்கவில்லை. இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு வீதியோர மணலில் இறங்கி நின்றது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தப் பிள்ளைகளை நம்பி அனுப்பிய தாய்மாருக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

புஷ் என்பது என்ன?

சில்லு மேலும் கீழும் அசைய வேண்டும். அதே வேளை முன்னும் பின்னும் ஓடாமல் தன் இடத்தில் நிற்கவும் வேண்டும். அதற்காகச் சில்லையும் காரின் உடலையும் இணைக்கும் இரும்புக் கை ஒன்று உண்டு. மெக்கானிக்மார் அதை லோவர் ஆம் என்பார்கள். அந்தக் கை உடலோடு சேரும் இடங்களில் இரும்பும் இரும்பும் உரசாமலிருக்க வைக்கப்படுவதுதான் புஷ். வெளியே ஓர் இரும்புக் குழாய், உள்ளே ஒரு சிறு குழாய், இரண்டுக்கும் இடையில் ஒட்டிய இறப்பர். அவ்வளவுதான். சில்லு அசையும்போது அந்த இறப்பர் முறுகி, மீண்டும் பழைய நிலைக்கு வருகிறது. பாதையின் அதிர்ச்சியில் பெரும்பங்கைத் தானே வாங்கிக்கொள்கிறது.

இறப்பர் நமது நாட்டுக்கு அந்நியமானதல்ல. 1876இல் கம்பஹா, ஹெனரத்கொட பூங்காவில் நட்ட கன்றுகளிலிருந்தே இலங்கையின் இறப்பர் செய்கை தொடங்கியது. ஆனால் எத்தகைய இறப்பருக்கும் ஓர் ஆயுள் உண்டு. வெயிலின் சூடு, காற்று, கசியும் என்ஜின் எண்ணெய், ஓயாத முறுகல் ஆகியவற்றால் அது காய்ந்து வெடிக்கிறது. பிறகு கிழிந்து கழன்று போகிறது. அதிகம் ஓடாத காரிலும், வயது போனால் புஷ் பழுதாகிவிடும்.

அதன் அடையாளங்களை வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்து வைத்திருப்பது நல்லது. பள்ளத்தில் விழும்போது தட்டும் சத்தம், பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுத்தல், நேர்வீதியிலும் ஸ்டியரிங்கை ஓயாமல் திருத்த வேண்டியிருத்தல், டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்தல் ஆகியவையே அவை. வேறு பழுதுகளாலும் இவை வரலாம். ஆனால் வந்தால் உடனே பார்க்க வேண்டும். ஒரு புஷ்ஷின் விலையை மிச்சம் பிடிக்கப் போய் டயரை இழப்பது சிக்கனமல்ல, அது வீண்விரயம்.

அண்ணலார் (ஸல்) அவர்கள் அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்துக்குள் நுழைந்தபோது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டு கண்ணீர் விட்ட செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அதன் தலையைத் தடவிக் கொடுத்தார்கள். உரிமையாளரை அழைத்து, பட்டினி போட்டு வேலை வாங்குவதாக அது முறையிடுகிறது என்று கூறி, அதன் விடயத்தில் அல்லாஹ்வை அஞ்சுமாறு எச்சரித்தார்கள். இரும்புக்கு உயிரில்லை, உண்மைதான். ஆனால் அதில் ஏறும் மனிதருக்கு உயிர் உண்டு. என் கார் ஐந்து மாதம் முறையிட்டது. நான் காது கொடுக்கவில்லை.

கிறீஸ் பூசச் சொன்ன நண்பர்

இனிச் சொல்லப்போவது எனக்கு வெட்கம் தரும் விடயம். மகளின் படிப்புச் செலவுக்காகக் காரை விற்றுவிடத் தீர்மானித்தேன். எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த சகோதரர் ஒருவரே வாங்க விரும்பினார். அப்போது நண்பர் ஒருவர் சொன்னார்: "கொஞ்சம் கிறீஸ அடிச்சு விடுங்க மௌலவி. ஒரு கிழமைக்குச் சத்தம் வராது. வாங்க வாறவர் ஓட்டிப் பாக்கக்குள்ள ஒண்டும் விளங்காது."

நான் மறுக்கவில்லை. அந்த எண்ணத்தோடுதான் ஒட்டுசுட்டானிலுள்ள ஒரு சிறிய கராஜுக்குப் போனேன். அதன் உரிமையாளர் அறுபதைத் தாண்டிய தமிழ்ப் பெரியவர். காருக்கடியில் படுத்துப் பார்த்தார். நெம்புகோலால் லோவர் ஆமை அசைத்துக் காட்டினார். அது இடுக்கில் சிக்கிய ஆடும் பல்லைப் போல ஆடியது. கிறீஸ் விடயத்தை மெல்லச் சொன்னேன். அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மௌலவி, சத்தத்தை நிப்பாட்டவோ, பழுதை நிப்பாட்டவோ வந்தனீங்கள்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சந்தையில் தானியக் குவியலொன்றுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், மழையில் நனைந்தது என்று வியாபாரி சொல்ல, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டதும், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்ததும் முஸ்லிம் கிரந்தத்தில் உள்ளன. அந்த ஹதீஸை எத்தனை வருடங்கள் பாடம் நடத்தியிருப்பேன்! ஈரத் தானியம் என் காரின் லோவர் ஆமுக்குள் இருந்தது.

டயரில் வெட்டிய புஷ்

வேலை நடந்துகொண்டிருந்தபோது அந்தப் பெரியவர் பழைய கதை சொன்னார். 1990 ஒக்டோபரில் நாங்கள் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் முகாம்களில் ஓலைக் கொட்டில்களில் இருந்த காலம். இங்கே வன்னியில் பொருளாதாரத் தடை. பெற்றோல் கிடையாது, உதிரிப்பாகம் கிடையாது. மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் அவைதான் ஆஸ்பத்திரிக்குச் சுமந்தன.

"புஷ்ஷுக்கு எங்க போறது? பழைய லொறி டயரைக் கத்தியால வெட்டி, துளை போட்டு இறுக்கினனாங்கள். ஆனா கார்க்காரனிட்டைச் சொல்லாமல் விடமாட்டன். இது டயர் புஷ், கன நாள் நிக்காது, மெல்லமாப் போ, மூண்டு மாதத்தில திரும்பி வா எண்டு சொல்லித்தான் விடுவன்."

சகோதரர்களே, சிந்தித்துப் பாருங்கள். எதுவும் கிடைக்காத காலத்தில் அவர் குறையை மறைக்கவில்லை. கடையில் புதிய புஷ் தொங்கும் காலத்தில், நான் கிறீஸ் பூசி மறைக்கப் பார்த்தேன்.

வேலை எப்படி நடக்க வேண்டும்?

அன்று கண்ணால் கண்டவற்றையும் அவர் விளக்கியவற்றையும் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலாவது, பாதுகாப்பு. சமதரை வேண்டும். பின்சில்லுகளுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஜக்கால் உயர்த்திய பின், உறுதியான தாங்கியை உடலின் அடியில் வைக்காமல் எவரும் கீழே போகக் கூடாது. ஜக் வழுக்கினால் நொடியில் உயிர் போய்விடும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு கற்பித்த மார்க்கம் நம்முடையது. இங்கே அந்தக் கயிறு இந்தத் தாங்கிதான்.

இரண்டாவது, கழற்றுதல். முதல் நாளே துருப்பிடித்த போல்ட்களுக்கு எண்ணெய் விட்டு வைத்தால் அவை முறியாமல் வரும். ஆமைக் கழற்றி, பழைய புஷ்ஷை அழுத்து இயந்திரத்தாலோ வைஸில் வைத்தோ தள்ளி எடுக்க வேண்டும். சில இடங்களில் காஸ் சுவாலையால் இறப்பரை எரித்து எடுக்கிறார்கள். அந்தப் புகை நஞ்சு. அதிக சூடு இரும்பையும் பலவீனப்படுத்தும்.

மூன்றாவது, பூட்டுதல். பழையது எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் புதியதைப் பூட்ட வேண்டும். அதற்காகக் கழற்று முன்பே அடையாளம் இட வேண்டும். அழுத்தம் வெளிக்குழாயில் படவேண்டுமே தவிர, நடுவில் சுத்தியலால் அடிக்கக் கூடாது. வழுக்க வேண்டுமானால் சவர்க்கார நீர் போதும். கிறீஸும் என்ஜின் எண்ணெயும் சாதாரண இறப்பரை ஊதச் செய்து கெடுத்துவிடும். நண்பர் சொன்ன மருந்து உண்மையில் விஷமென்று அப்போதுதான் விளங்கியது.

நான்காவது, பலரும் தவறும் இடம். போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது, கார் தரையில் தன் பாரத்தோடு நிற்கும் நிலையிலேயே நடக்க வேண்டும். சில்லு தொங்கும்போது இறுக்கினால், காரை இறக்கியதும் இறப்பர் முறுகிய நிலைக்குப் போய்விடும். பின்னர் நிற்கும்போதும் ஓடும்போதும் அந்த முறுகல் நீங்காது. புதிய புஷ் சில மாதங்களில் கிழிந்துவிடும். நாமோ கடைக்காரரைத் திட்டுவோம்.

ஐந்தாவது, இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். பின்னர் வீல் எலைன்மன்ட் பார்க்க வேண்டும். சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் போல்ட்களை மீண்டும் ஒருமுறை சோதிக்க வேண்டும். இறப்பருக்குப் பதிலாகப் பொலியூரித்தேன் புஷ்களும் விற்கிறார்கள். அவை கடினமானவை, நீண்ட நாள் உழைக்கும், ஆனால் பாதையின் அதிர்வைக் கூடுதலாக உள்ளே அனுப்பும். குடும்பம் பயணிக்கும் காருக்கு நல்ல இறப்பரே போதும்.

இந்த வேலையை எல்லோரும் வீட்டில் செய்ய முடியாது. ஆனால் கராஜில் மூன்று கேள்விகளை எவரும் கேட்கலாம்: இரண்டு பக்கமும் மாற்றினீர்களா? காரை இறக்கி நிறுத்திய பிறகு இறுக்கினீர்களா? கழற்றிய பழைய புஷ்ஷைக் காட்டுவீர்களா? நல்ல தொழிலாளி இந்தக் கேள்விகளால் கோபப்படமாட்டார்.

விற்றேன், சொல்லியே விற்றேன்

வேலை முடிந்து திரும்பியபோது அந்தப் பள்ளங்களில் சத்தமில்லை; பிரேக் நேரே பிடித்தது. வாங்க வந்த சகோதரரிடம் பழைய புஷ்களைக் கையில் கொடுத்தேன். மாற்றியதைச் சொன்னேன். என்ஜினில் சிறிது எண்ணெய் கசிவதையும், மாட்டைக் கண்டு கார் மணலில் இறங்கியதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சற்று விலை குறைத்துக் கேட்டார், சம்மதித்தேன். குறையைத் தெளிவுபடுத்தி விற்பதில்தான் பரக்கத் இருக்கிறதென்று படித்தவர்கள் நாம். அந்தச் சிறு தொகையால் என் வீட்டில் எதுவும் குறையவில்லை.

ஒவ்வொரு ஜும்ஆவுக்கும் அவர் அந்தக் காரில்தான் பிள்ளைகளோடு பள்ளிவாசலுக்கு வருகிறார். அவரைக் கண்டால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

வாசகர்களே, இந்த வாரம் ஒரு நாள் உங்கள் வாகனத்தின் கீழே சற்றுக் குனிந்து பாருங்கள். வீட்டிலுள்ளவர்கள் ஒரு சத்தம் கேட்கிறது என்றால் அலட்சியம் செய்யாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்திலுள்ள அமானிதங்களையும் பேணுகின்ற கூட்டத்தில் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.