தேர் இழுத்தது கூட்டமா, அணியா?

கண்ணுகளா, மாசி மாசம் கோயம்புத்தூர் கோனியம்மன் தேர் நோம்பி பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுப் பாப்பா, ராஜ வீதியில் பெரிய 'டீம்' இருந்ததாக இங்கிலீஷ் கட்டுரையில் எழுதியிருந்தாள். டீச்சர் அதை அடித்துவிட்டு 'கிரௌட்' என்று திருத்தியிருந்தார். "ரெண்டும் நெறையப் பேருதானுங்களே மாமா, இதுல என்னங்க தப்பு?" என்று நோட்டோடு வந்து நின்றாள்.

எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. சொற்களையும் சோதித்துப் பார்க்கலாம். ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொன்றை வைத்துப் படித்தால் போதும். மொழியியல் அறிஞர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

'கபடியில் எங்க ஊர் அணி ஜெயித்தது.' இதில் அணியை எடுத்துவிட்டுக் கூட்டத்தை வையுங்கள். காது ஒத்துக்கொள்ளவில்லை, இல்லையா? 'காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரே கூட்டம்' என்பதில் அணியை வைத்தால் சிரிப்பு வரும். கும்பல் என்று வைத்துப் பாருங்கள். ஆட்கள் அதே ஆட்கள்தான், ஆனால் சொல்பவருக்கு அவர்களைப் பிடிக்கவில்லை என்று தெரிந்துவிடுகிறது! அணி என்றால் வரிசை, ஒழுங்கு. கபடிக் களத்தில் நிற்கும் ஏழு பேரில் ஒருவர் குறைந்தால் உடனே தெரியும். கூட்டத்தில் நூறு பேர் கழன்றுபோனாலும் தெரியாது.

அப்படியானால் எண்ணிக்கையா முக்கியம்? அதுவும் இல்லை. கும்மியாட்டத்தைப் பாருங்கள். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். வள்ளி ஒயில் கும்மியைப் பல்லாண்டாகக் கற்றுக்கொடுத்தவர், பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்து ஆடவைத்தவர். கும்மியில் நூறு பேர் வட்டம் கட்டி ஆடினாலும் அடியும் கைதட்டும் ஒன்றாக விழும். அதனால் அது குழு. பஸ்ஸுக்கு நிற்கும் நாலு பேர் குழு ஆகமாட்டார்கள், ஏனென்றால் ஆளுக்கொரு ஊருக்குப் போகிறவர்கள் அவர்கள்.

இங்கிலீஷ் சொற்கள் பிறந்த கதையும் அழகானது. பழைய ஆங்கிலத்தில், சேர்த்துப் பூட்டிய மாடுகளை 'டீம்' என்று சொன்னார்கள். நம் காங்கேயம் காளைகள் ஒரே நுகத்தடியில் சேர்ந்து இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 'கிரௌட்' என்ற சொல்லோ, நெருக்கு, தள்ளு என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது.

இந்தத் தள்ளுக்குள் கொஞ்சம் இயற்பியல் இருக்கிறது. தரையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சாக்பீஸால் கட்டம் போடுங்கள். இரண்டு பேர் நின்றால் தாராளம். நாலு பேர் நின்றால் தோள் உரச ஆரம்பிக்கும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஐந்தாவது ஆள் வேண்டாம். கட்டத்துக்கு ஆறு ஏழு பேர் என்று ஆகிவிட்டால், அந்தக் கூட்டம் தண்ணீரைப் போல நடந்துகொள்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். பின்னாலிருந்து வரும் தள்ளு அலையாக முன்னே போகும். நாம் நினைக்கிற பக்கம் கால் போகாது. மூச்சுவிடக்கூட நெஞ்சு விரியாது. கூட்ட நெரிசலில் உயிர் போவதற்குப் பெரும்பாலும் இந்த மூச்சடைப்புத்தான் காரணம். தேர் வீதியில் போலீஸ்காரர் கயிறு கட்டித் தடுக்கும்போது கோபப்படாதீர்கள் கண்ணுகளா, அவர் அந்த அலையைத்தான் உடைக்கிறார்.

தமிழில் இன்னொரு விசேஷம் கவனித்தீர்களா? 'மக்கள் வந்தார்கள்' என்கிறோம். அதே மக்கள் கூடிவிட்டால் 'கூட்டம் வந்தது' என்கிறோம். மனிதர்களைப் போய் 'வந்தது' என்று சொல்லலாமா? தொல்காப்பியர் இதை அப்போதே கவனித்திருக்கிறார். மனிதரைக் குறித்தாலும் அஃறிணை போல நடக்கும் சொற்கள் என்று சொல்லதிகாரத்தில் ஒரு பட்டியல் தருகிறார். அரசு, குழவி ஆகியவற்றோடு குழுவும் அதில் இருக்கிறது. குழு, கூட்டம் போன்ற சொற்கள் பல பேரைச் சேர்த்து ஒரே பொருளாகப் பார்க்கின்றன. அதனால் வினையும் ஒருமைக்கு மாறிவிடுகிறது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பாப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: "ஏனுங் மாமா, ஓரமா நின்னு பார்த்தவங்க கிரௌட்னே இருக்கட்டும். வடம் புடிச்சு இழுத்தவங்க? அவங்க எல்லாரும் சேர்ந்துதானுங்களே இழுத்தாங்க, நுகத்துல பூட்டின மாதிரி?"

நோட்டை வாங்கி, அடித்திருந்த 'டீம்' பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன வடம் வரைந்து கொடுத்தேன். நாளைக்கு டீச்சரிடம் காட்டப்போகிறாளாம்.