அடிமையாயிருந்த சட்டசபை அங்கத்தினர்

யுத்தத்தில் பெயரெடுத்த வீரனைச் சட்டசபைக்கு அனுப்புவது பல தேசங்களிலும் உள்ள வழக்கம். அவ்விதம் சென்றவர்களிற் பலர் பழைய கீர்த்தியைச் செலவிட்டுக் காலங்கழித்தனரேயன்றிச் சபையில் புதிதாக ஒன்றும் சம்பாதித்தாரில்லை. அமெரிக்காவில் தென் கரோலினா ராஜ்யத்தின் சட்டசபையில் அமர்ந்த ராபர்ட் ஸ்மால்ஸ் இதற்கு விலக்கானவர். அவருடைய சரித்திரத்தை அரசியல் தொண்டர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

1839-ஆம் வருஷம் ஏப்ரல் 5-ஆம் தேதி ப்யூபர்ட் என்னும் ஊரில் அடிமைப் பெண்ணொருத்தியின் மகனாகப் பிறந்தார். பன்னிரண்டாம் பிராயத்தில் எஜமானர் அவரைச் சார்ல்ஸ்டன் நகரத்துக்குக் கூலி வேலைக்கு அனுப்பினார். உழைத்தவர் இவர், கூலியிற் பெரும்பாகம் எஜமானருக்கு. துறைமுகத்தில் மூட்டை சுமந்தும் பாய் தைத்தும் பிழைத்தவர், நாளடைவில் சுக்கான் பிடிக்கவும் கற்றுக்கொண்டார். மனைவி மக்களை விலை கொடுத்து விடுவிக்க எண்ணியபோது கேட்கப்பட்ட விலை 800 டாலர். அவர் கையிலிருந்தது 100 டாலர்.

1861-இல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்து போன தென் ராஜ்யங்களின் ராணுவக் கப்பலான 'பிளான்டரில்' ஸ்மால்ஸ் சுக்கான் பிடித்தார். 1862 மே 13-ஆம் தேதி, வெள்ளைக்கார அதிகாரிகள் கரையில் உறங்கச் சென்றிருந்த சமயம், விடியுமுன்னே நங்கூரமெடுத்தார். வழியில் மனைவி மக்களையும் தோழர்களின் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டார். தலைவனுடைய வைக்கோல் தொப்பியை அணிந்து, கோட்டைக்குக் கோட்டை உரிய ஊதல் சமிக்ஞையைப் பிழையின்றிக் கொடுத்துக் கடந்தார். பீரங்கிகள் எட்டாத தூரம் சென்றதும் வெள்ளைத் துணியை உயர்த்தி, பீரங்கிகளோடும் சமிக்ஞைப் புத்தகத்தோடும் கப்பலை வடக்கத்திக் கடற்படையிடம் ஒப்புவித்தார். பிடிபட்டால் கப்பலை மூழ்கடித்து மடிவதென்று அனைவரும் முன்பே தீர்மானித்திருந்தனர். இத்தனையும் செய்த காலத்தில் அவருக்கு எழுத்து வாசனை கிடையாது என்பதை நேயர்கள் நினைவில் வைப்பார்களாக.

அதன்பின் வடக்கத்தியர் பக்கம் நின்று போரிட்டார். 1863 ஏப்ரலில் சார்ல்ஸ்டன் தாக்குதலில் அவர் வழிகாட்டிச் சென்ற 'கியோகக்' என்னும் இரும்புக் கவசக் கப்பல் தொண்ணூறு குண்டுகளுக்கு மேல் தாங்கி, மறுநாள் மூழ்கிற்று. அவ்வருஷக் கடைசியில் பிளான்டரின் தலைவன் குண்டுமாரிக்கு அஞ்சி ஒளிந்துகொள்ள, ஸ்மால்ஸ் பொறுப்பேற்றுக் கப்பலைக் காப்பாற்றினார். அதற்கே தலைவராகவும் நியமனம் பெற்றார்.

யுத்தம் முடிந்த பின் எழுதப் படிக்கக் கற்றவராய், 1868-இல் தென் கரோலினாவின் அரசியல் நிர்ணய சபைக்குச் சென்றார். எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசப் பள்ளிக்கூடம் வேண்டுமென்று அங்கே வாதாடினார். அவ்வருஷமே சட்டசபையின் கீழ்ச்சபையிலும், 1870 முதல் மேற்சபையிலும் அங்கத்தினரானார். ராஜ்யத்தின் குடிப்படையில் மேஜர் ஜெனரல் பதவியும் எய்தினார். 1875 முதல் காங்கிரஸ் மகாசபையிலும் பலமுறை வீற்றிருந்தார்.

அவர் மீது சுமத்தப்பட்ட பழியை மறைப்பது பத்திரிகை தர்மமாகாது. எதிர்க்கட்சியார் பதவிக்கு வந்ததும், அச்சு ஒப்பந்தம் ஒன்றில் 5,000 டாலர் லஞ்சம் வாங்கினாரென்று 1877-இல் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1879-இல் அதே கட்சியைச் சேர்ந்த கவர்னரே அவருக்கு மன்னிப்பளித்தார். தேர்தல் குற்றங்களுக்காக அக்கட்சியார் மீது மத்திய ஸர்க்கார் தொடர்ந்திருந்த வழக்குகளும் கைவிடப்பட்டன. குற்றமும் மன்னிப்பும் இவ்வாறு பண்டமாற்றாகக் கைமாறிய வழக்கில் நீதியின் பங்கு எவ்வளவென்பதை நேயர்களே நிதானித்துக் கொள்ளலாம்.

அவருடைய மெய்யான பரீட்சை 1895-இல் வந்தது. கறுப்பருடைய வாக்குரிமையைப் பறிப்பதற்கென்றே புதிய அரசியல் நிர்ணய சபை கூடிற்று. அதில் கறுப்பர் அறுவர்; ஸ்மால்ஸ் அவர்களில் ஒருவர். நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கலாகாதென்று தேசத்தின் அரசியல் சட்டம் 1870 முதலே விதித்திருந்தது. ஆகவே புதிய விதியில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை வாசிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும், அல்லது 300 டாலர் பெறுமான சொத்துக்கு வரி கட்டியிருக்க வேண்டும் என்பதே விதி. வாசித்தது சரியா என்று தீர்ப்பவர் பதிவு உத்தியோகஸ்தர். அடிமை முறை கல்வியைக் குற்றமாக்கிற்று. அதன் வாரிசுகள் கல்வியின்மையைக் குற்றமாக்கினர். 1862-இல் கோட்டைகளைக் கடந்த ஸ்மால்ஸே இவ்விதியின்படி வாக்களிக்க அருகதையற்றவராயிருப்பார். அவர் எதிர்த்து வாதாடினார், தோற்றார், அச்சாசனத்தில் கையொப்பமிட மறுத்தார்.

1915 பிப்ரவரியில் தம் ஊரிலேயே காலமானார். பறிபோன வாக்குரிமைக்கு 1965-ஆம் வருஷத்துச் சட்டம் வரும் வரையில் தக்க காப்புக் கிடைக்கவில்லை. 2023-இல் அமெரிக்கக் கடற்படை தன் போர்க்கப்பல் ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியது. தெற்கத்தியர் ஜெயித்த ஒரு போர்க்களத்தின் பெயரை அதுவரை அக்கப்பல் தாங்கியிருந்தது.

மரியாதை நன்றே. ஆயினும் பீரங்கிக்கு எதிரில் வென்ற உரிமையைப் பதிவுப் புத்தகத்துக்கு எதிரில் ஒரு ஜனசமூகம் இழந்ததென்பதை மறக்கலாகாது. வாக்காளர் ஜாபிதாவில் பெயரைச் சேர்ப்பவர் யார், நீக்குபவர் யார், எந்த விதியின் பேரில் நீக்குகிறார், அதற்கு அப்பீல் உண்டா என்று தேர்தலுக்குத் தேர்தல் கேட்பது பிரஜைகளின் கடமை. கேட்கத் தவறினால், பின்னர் எத்தனை கப்பல்களுக்குப் பெயர் சூட்டியும் பயனில்லை.