அஞ்சல் கட்டணமும் கடிதத்தின் இன்றைய பயனும்

அஞ்சல் கட்டணம் என்பது ஒரு கடிதத்தையோ பொதியையோ உரியவரிடம் கொண்டு சேர்ப்பதற்காக அனுப்புநர் முன்கூட்டியே செலுத்தும் தொகை. இந்தியாவில் சாதாரணக் கடிதத்துக்கு இது மிகக் குறைவு. அனுப்பியதற்குச் சான்று தரும் கடிதத்துக்கான கட்டணமோ 2025இல் கணிசமாக உயர்ந்துள்ளது. நலம் விசாரிக்கக் கைப்பேசி போதும் என்றாகிவிட்ட நிலையில், கடிதத்தின் முதன்மைப் பயன் இந்தச் சான்றில்தான் இருக்கிறது.

அடக்கவிலைக்கும் கீழே

அஞ்சலட்டை இந்தியாவில் 1879 ஜூலை 1 அன்று கால் அணா விலையில் அறிமுகமானது. அன்று ஒரு ரூபாய்க்கு 64 அட்டைகள் வாங்கலாம். இன்று ஓர் அட்டை 50 காசு. ஐம்பது காசு நாணயம் கண்ணில் படுவதே அரிதாகிவிட்டதால் இரண்டாக வாங்குவதே எளிது! உள்நாட்டு அஞ்சல் தாள் 2 ரூபாய் 50 காசு. 20 கிராம் வரையுள்ள உறைக் கடிதம் 5 ரூபாய். புதுச்சேரி மாநிலம் பாகூர் கொம்யூனில் உள்ள சேலியமேட்டிலிருந்து பக்கத்து ஊருக்கு எழுதினாலும் காஷ்மீருக்கு எழுதினாலும் இதே விலைதான்.

ஓர் அஞ்சலட்டையைக் கொண்டு சேர்க்க ஆகும் செலவு, 2016-17ஆம் ஆண்டுக் கணக்குப்படி சுமார் 12 ரூபாய். இதை வெறும் நட்டமாக மட்டும் பார்ப்பது சரியன்று. நாட்டிலுள்ள ஏறத்தாழ 1,64,000 அஞ்சலகங்களில் பத்தில் ஒன்பது கிராமங்களில் இயங்குகின்றன. இலாபக் கணக்கு மட்டும் பார்த்தால் இவற்றில் பலவற்றைத் திறந்திருக்கவே முடியாது. பார்வையற்றோருக்கான பிரெய்ல் நூல்கள் 7 கிலோ வரை கட்டணமின்றிச் செல்வதும் இதே நோக்கில்தான். இதற்கு மாறான வழியில் சென்ற நாடு டென்மார்க். 1624இல் தொடங்கிய அரசு அஞ்சலின் கடித விநியோகம் அங்கே 2025 டிசம்பர் இறுதியோடு நின்றுபோனது.

சான்றின் விலை

கூலி பாக்கி, நிலத் தகராறு, திரும்பி வந்த காசோலை என எதுவானாலும், எதிர்த்தரப்பினர் "எனக்குக் கடிதமே வரவில்லை" என்று சொல்ல வாய்ப்புண்டு. இந்த இடத்தில்தான் பதிவு அஞ்சல் துணைக்கு வருகிறது. 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், பிரிவு 27இன்படி, சரியான முகவரியிட்டு, கட்டணம் செலுத்தி, பதிவு அஞ்சலில் சட்ட ஆவணம் ஒன்றை அனுப்பினால், மாறாக மெய்ப்பிக்கப்படாதவரை அது சேர்ப்பிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். அஞ்சலகம் தரும் சிறு இரசீது ஏழைக்கும் சாட்சியாகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிப்போருக்கும் இது உதவும். நடுவண் அரசு விதிப்படி 10 ரூபாய்க் கட்டணத்தை அஞ்சல் ஆணையாக இணைக்கலாம். பதிலுக்கு உரிய 30 நாள் கெடுவைக் கணக்கிட, விண்ணப்பம் சேர்ந்த தேதி தெரிந்தாக வேண்டும்.

முன்பு 20 கிராம் கடிதத்தைப் பதிவு செய்து அனுப்ப, தலைக்கு 5, பதிவுக்கு 17, ஆக 22 ரூபாய் ஆனது. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டது. அக்டோபர் 1 முதல் விரைவு அஞ்சலுக்குப் புதிய கட்டணம் வந்தது: 50 கிராம் வரை உள்ளூருக்குள் 19 ரூபாய், அதற்கு அப்பால் எவ்வளவு தொலைவானாலும் 47 ரூபாய். பதிவு வேண்டுமானால் கூடுதலாக 5 ரூபாய். வரியும் சேர்ந்தால் வெளியூர்க் கடிதத்துக்கு 61 ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். கடிதம் விரைவாகப் போகும், வழியில் எங்கே இருக்கிறது என்றும் பார்க்கலாம் என்பது உண்மையே. ஆனால் விரைவு தேவைப்படாமல் சான்று மட்டும் வேண்டியவருக்கு இப்போது மலிவான வழி இல்லை. இது சிறிய இழப்பன்று.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. விரைவு அஞ்சல் என்றாலே பதிவும் அடக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. பதிவைக் கேட்டுப் பெற்றால்தான் கடிதம் உரியவரிடமோ அவர் அதிகாரம் அளித்தவரிடமோ மட்டும் கொடுக்கப்படும். இல்லையேல் அந்த முகவரியில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிடலாம்.

மாணவர்களுக்கு விரைவு அஞ்சலில் 10 விழுக்காடு சலுகை உண்டு. பாடநூல்களை அனுப்ப 2025 மே 1 முதல் 'ஞான அஞ்சல்' நடைமுறையில் உள்ளது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி.

முகவரி

சட்டம் கேட்கும் 'சரியான முகவரி' பாகூர்ப் பகுதியில் சற்றுச் சிக்கலானது. கவிஞர் வாணிதாசன் வாழ்ந்த சேலியமேடு உள்ளிட்ட இவ்வூர்கள் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தவை. பிரெஞ்சிந்தியாவுக்கென்றே 1892 முதல் தனி அஞ்சல்தலைகள் வெளிவந்தன. இன்று புதுச்சேரியின் அஞ்சல் சேவை தமிழ்நாடு அஞ்சல் வட்டத்தில் அடங்கும். 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான அஞ்சல் குறியீட்டு எண்ணில் புதுச்சேரி நகரம் 605 என்று தொடங்க, பாகூரோ கடலூரைப் போலவே 607 என்று தொடங்குகிறது. புதுச்சேரிதானே என்று 605001 என எழுதினால் கடிதம் நகரத்துக்குப் போய்விட்டுத்தான் திரும்பி வரும். பாகூருக்கு உரிய எண் 607402.